இரண்டரை நிமிடப் புகழ்: மேலைச் சேர்ந்திசையும் வெகுமக்கள் பண்பாடும்

முரசு ஒருமுறை அதிர்கிறது. அடுத்த கணமே ஒரு பெருங்கூட்டம் முழுக்குரலில் பாடத் தொடங்குகிறது. லத்தீனில் ஒரு சொல்கூட அறியாதவர்களுக்கும் அந்த ஒலி பழக்கமானது. ஏதாவது ஒரு படத்தின் முன்னோட்டத்திலோ, விளையாட்டு ஒளிபரப்பிலோ, தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் நடுவர்கள் மேடைக்கு வரும்போதோ கேட்டிருப்பார்கள். பாட்டின் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள், இரண்டு வரி ஒலிக்கவிட்டால் "ஓ, அதுவா!" என்பார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் 'கார்மினா புரானா'வில் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் 'ஓ ஃபார்ச்சுனா' என்ற கோரஸ் அது. பிரிட்டனில் 75 ஆண்டுகளில் மிக அதிகமாக ஒலித்த செவ்வியல் இசை எது என்று 2009இல் ஒரு பட்டியல் வெளியானபோது, முதலிடம் அதற்கே கிடைத்தது.

மேலைச் செவ்வியல் சேர்ந்திசையிலிருந்து சினிமாவும் விளம்பரமும் வீடியோ கேமும் கால்பந்து மைதானமும் எடுத்துக்கொண்டவை ஏராளம். அவற்றை வரிசையாக எண்ணிச் சொல்வது இந்தச் சொற்பொழிவின் வேலையன்று. ஒரு மணி நேரப் படைப்பிலிருந்து இரண்டரை நிமிடத்தை வெட்டி எடுத்தால் எது பிழைக்கிறது, எது உதிர்ந்துபோகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. விளம்பரத்தில் வந்தால் செவ்வியல் இசையின் மானம் போய்விடும் என்று பண்டிதர்கள் சிலர் வருந்துவதுண்டு. அந்த வருத்தம் தேவையற்றது. பாடுவாரே இல்லாமல் பதிவாக மட்டும் ஒலிக்கும்போதுதான் ஒரு கோரஸ் தேய்கிறது.

'கார்மினா புரானா'வின் கதை ஒரு மடாலயத்தில் தொடங்குகிறது. 1803இல் பவேரியாவில் மடங்களின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டபோது, பெனடிக்ட்பாயர்ன் மடத்தின் நூலகத்தில் ஒரு பழைய சுவடி கிடைத்தது. ஏறத்தாழ 1230இல் எழுதப்பட்ட அந்தச் சுவடியில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. மடத்தில் கிடைத்ததால் எல்லாம் பக்திப் பாடல்களாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றமே. ஊர் ஊராகத் திரிந்த மாணவர்களும் படிப்பை முடிக்காத குருமார்களும் குடியையும் சூதையும் காதலையும், திருச்சபைப் பெரியவர்களின் பேராசையையும் பாடிய பாட்டுகள் அதில் நிறைந்திருந்தன. 1847இல் யோஹான் ஆந்திரேயாஸ் ஷ்மெல்லர் அதைப் பதிப்பித்து, இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். மூலச் சுவடி இப்போது மியூனிக்கில் பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள ஓவியத்தில் அதிர்ஷ்ட தேவதை ஒரு சக்கரத்தின் நடுவே அமர்ந்திருக்கிறாள். சக்கரத்தில் ஓர் அரசன் ஏறுகிறான், ஒருவன் உச்சியில் ஆள்கிறான், ஒருவன் கவிழ்கிறான், ஒருவன் அடியில் நசுங்கிக் கிடக்கிறான்.

1934இல் ஓர்ஃபின் கைக்குப் பதிப்பு வந்துசேர்ந்தது. மிஷேல் ஹோஃப்மன் என்ற சட்ட மாணவரின் துணையோடு 24 பாடல்களைத் தேர்ந்தெடுத்து இசையமைத்தார். 1937 ஜூன் 8 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் அரங்கேற்றம் நடந்தது. அதுவரை தான் எழுதியதையெல்லாம் அழித்துவிடலாம், தன் படைப்பு வரிசை இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று அவர் தம் பதிப்பகத்தாரிடம் சொன்னார். அரங்கேறியது நாஜி ஆட்சியில் என்பதையும், அந்த ஆட்சியிலேயே இந்த இசை புகழேறியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. யூத வம்சத்தவர் என்பதால் இசையமைப்பாளர் மெண்டல்சன் விலக்கப்பட்டபோது, அவர் ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்துக்கு எழுதிய இசைக்குப் பதிலாகப் புதிய இசை அமைத்துத் தர ஓர்ஃப் ஒப்புக்கொண்டார். இதையும் தெரிந்துகொண்டுதான் அவரைக் கேட்க வேண்டும்.

இந்த ஒரு கோரஸை எல்லோரும் எடுத்துக்கொண்டது ஏன்? காரணம் அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது. முதல் நான்கைந்து அடிகள் பெருங்குரலில், நிதானமாக, பாறையைப் புரட்டுவதுபோல் நகர்கின்றன. பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிவிடுகிறது. பாடகர்கள் ஏறக்குறைய முணுமுணுக்கிறார்கள். இரண்டு பியானோக்களும் தந்திக் கருவிகளும் வெட்டி வெட்டி ஒரே தாளத்தை விடாமல் வாசிக்கின்றன. அடியில் 'டி' என்ற சுரம் ஆதார சுருதிபோல் அசையாமல் நிற்கிறது. மெட்டு நான்கைந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது. பாஹின் கோரஸ்களில் நான்கு குரல்களும் நான்கு வழியில் போய்ப் பின்னிக்கொள்ளும். இங்கே எல்லோரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் உச்சரிக்கிறார்கள். கடைசிப் பகுதியில் அதே மெட்டு ஸ்தாயி ஏறி வெடிக்கிறது. கடைசியில் மைனர் மேஜராக மாறி, முரசும் தாளக் கருவிகளும் முழங்க நிற்கிறது.

படத்தொகுப்பாளருக்கு இதைவிட வசதியான இசை கிடைக்குமா? சுருதி மாறுவதில்லை, ஆகவே எங்கு வெட்டினாலும் ஒட்டும். தொடங்கியவுடனேயே உச்சம் வந்துவிடுகிறது, காத்திருக்க வேண்டாம். பேச்சு வர வேண்டிய இடத்தில் முணுமுணுப்புப் பகுதியைப் போட்டுக்கொள்ளலாம். சொற்கள் யாருக்கும் புரியாது, எனவே காட்சியோடு மோதாது. அதிர்ஷ்டம் நிலவைப்போல் வளர்ந்து தேய்ந்து மனிதனை வதைக்கிறது என்ற புலம்பல் இது. ஆனால் இதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் இதில் புலம்பலைக் கேட்கவில்லை, வெற்றி முழக்கத்தையே கேட்டார்கள்.

பிரிட்டனில் ஓல்டு ஸ்பைஸ் சவர வாசனைத் திரவத்தின் விளம்பரத்தில் ஒருவன் பேரலையின் மேல் சறுக்கிவருவான். பின்னணியில் இந்தக் கோரஸ். அந்தத் தலைமுறையில் பலருக்கு ஓர்ஃப் என்றால் அந்த அலைதான். 1992இல் தொடங்கிய மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' உலகப் பயணத்தில், அவர் மேடையேறுமுன் ரசிகர் கூட்டத்தின் கண்ணீரும் கூச்சலும் திரையில் ஓட, அதே இசை முழங்கியது. ஆலிவர் ஸ்டோன் 'தி டோர்ஸ்' படத்தில் அதைப் பயன்படுத்தினார். 2002இல் 'ஜாக்ஆஸ்' படத்தில், பெரிய ஷாப்பிங் டிராலி ஒன்றில் உருண்டுவரும் இளைஞர்களுக்கும் அதுவே பின்னணி. 2005இல் ஆஸ்திரேலியாவின் கார்ல்டன் டிராட் பீர் நிறுவனம் இந்தப் பழக்கத்தையே விளம்பரமாக்கியது. அங்கி அணிந்த இரு படைகள் மலைச்சரிவில் ஒன்றை நோக்கி ஒன்று ஓடிவருகின்றன. இது எவ்வளவு பெரிய விளம்பரம், எவ்வளவு செலவு என்று ஓர்ஃபின் மெட்டிலேயே பாடுகின்றன. வானிலிருந்து பார்த்தால் ஒரு மனிதன் பீர் குடிக்கும் உருவம் தெரிகிறது. அந்த விளம்பரத்தில் உண்மையான நுண்ணறிவு இருந்தது. அதற்குப் பிறகும் இந்த இசையைப் பிரம்மாண்டத்துக்கான முத்திரையாகப் போடுகிறவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

நன்றாகப் பயன்படுத்தியவரும் உண்டு. 1981இல் ஜான் பூர்மன் எடுத்த 'எக்ஸ்காலிபர்' படத்தில், நோயிலும் சோர்விலும் கிடந்த ஆர்தர் மன்னன் உயிர்பெற்றுத் தன் வீரர்களோடு குதிரையேறிப் புறப்படுகிறான். அவர்கள் கடந்துபோகப்போக மொட்டை மரங்கள் பூக்கின்றன. அப்போது 'ஓ ஃபார்ச்சுனா' எழுகிறது. காட்சி கண்ணுக்கு வெற்றி. ஆனால் அவன் சாகப்போகும் போருக்குத்தான் போகிறான். சக்கரத்தின் உச்சியில் இருப்பவன் கவிழப்போகிறான் என்ற பாட்டின் பொருளும் காட்சியின் பொருளும் அங்கே ஒன்றாகப் பொருந்துகின்றன. பூர்மன் அந்தப் பாட்டைப் படித்திருந்தாரோ இல்லையோ, அவருடைய காட்சி அதைப் படித்திருக்கிறது.

இந்த இசை இல்லாத இடத்திலும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 1976இல் வந்த 'தி ஓமன்' என்ற பேய்ப்படத்தில் ஓர்ஃப் ஒலிப்பதாக இன்றும் சொல்வார்கள். ஒலிப்பது ஜெரி கோல்டுஸ்மித் எழுதிய லத்தீன் கோரஸ். அவர் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கர் விருது அந்தப் படத்துக்காகத்தான். அதற்குப் பிறகு, தீமை வருகிறது என்றால் ஒரு கூட்டம் லத்தீனில் பாட வேண்டும் என்பது ஹாலிவுட்டில் எழுதாச் சட்டமாயிற்று. 1997இல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி 7' வீடியோ கேமின் கடைசிச் சண்டைக்கு நோபுவோ உவேமட்சு எழுதிய கோரஸில் உள்ள லத்தீன் சொற்கள் 'கார்மினா புரானா' சுவடியிலிருந்தே எடுக்கப்பட்டவை. இடைக்காலத்து ஊர்சுற்றி மாணவர்களின் வரிகளைப் பிளேஸ்டேஷன் முன் அமர்ந்த சிறுவர்கள் மனப்பாடம் செய்தார்கள். இது தேய்வா? நிச்சயம் இல்லை. அந்தச் சிறுவர்களில் எத்தனையோ பேர் பிற்பாடு ஓர்ஃபைத் தேடிப் போனார்கள்.

லத்தீன் அலுத்துப்போனபோது ஹாலிவுட் சமஸ்கிருதத்துக்குத் தாவியது. 1999இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வாள்சண்டைக்கு ஜான் வில்லியம்ஸ் எழுதிய கோரஸுக்கு ஒரு பழைய வேல்ஸ் கவிதையின் வரியைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்துக்கொண்டார். 2003இல் 'மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்' படத்துக்கு டான் டேவிஸ் உபநிடத வரிகளைக் கோரஸாக்கினார். முதலாவதில் சொற்கள் ஒலிக்காக மட்டுமே வந்தன. இரண்டாவதில் இருளிலிருந்து ஒளிக்குப் போகும் வேண்டுதல் படத்தின் கதையோடு ஒட்டியது. இரண்டிலும் கேட்பவருக்குச் சொல் விளங்கவில்லை என்றாலும், எழுதியவர் பொருளை மதித்தாரா என்பது இசையில் தெரிந்துவிடுகிறது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியின் கோரஸ்களை அவரைக் கேட்காமலே கையாண்டார், லிகெட்டி மனம் புண்பட்டார், ஆனால் அவர் பெயர் உலகெங்கும் பரவியதும் அந்தப் படத்தால்தான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் அபோதியோசிஸ் என்ற டெக்னோ இசைக்குழு 'ஓ ஃபார்ச்சுனா'வை நடனத் தாளத்தில் போட்டு வெளியிட, ஓர்ஃபின் உரிமையாளர்கள் வழக்காடி விற்பனையை நிறுத்தினார்கள். ஓர்ஃப் மறைந்தது 1982இல். ஐரோப்பாவில் அவருடைய இசைக்கான பதிப்புரிமை 2052 முடிவுவரை நீடிக்கும். பேத்தோவனுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. யாரும் எடுக்கலாம், எல்லோரும் எடுத்தார்கள்.

1824 மே 7 அன்று வியன்னாவில் அரங்கேறிய பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியின் கடைசிப் பகுதி, ஷில்லரின் கவிதையைத் தாங்கிய கோரஸ். மனிதர் எல்லாரும் உடன்பிறந்தார் என்பது அதன் சாரம். எளிய மெட்டு, பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களிலேயே ஏறி இறங்கும், பாட்டுப் பயிற்சி இல்லாதவரும் இரண்டாம் முறை கேட்டால் கூடப் பாடிவிடலாம். அதனால்தான் அது யார் கையிலும் போய்ச் சேர்ந்தது. 1972இல் ஐரோப்பியப் பேரவை அதைத் தன் கீதமாக ஏற்றது, சொற்கள் இல்லாமல். 1974இல் வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீஷியா அதே மெட்டைத் தன் தேசிய கீதமாக்கிக்கொண்டது. மனிதர் எல்லாரும் உடன்பிறந்தார் என்ற பாட்டின் மெட்டில், பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு உரிமை மறுத்த ஓர் அரசு தன் புகழைப் பாடிக்கொண்டது. இந்த இசைக்கு நேர்ந்த மிகப் பெரிய அவமானம் எந்தச் சோப்பு விளம்பரமும் அல்ல, இதுவே.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 1971இல், குப்ரிக் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தில் ஒரு கசப்பான கேள்வியைக் கேட்டிருந்தார். அடிதடியிலும் வன்புணர்விலும் இன்பம் காணும் அலெக்ஸ் என்ற இளைஞன் பேத்தோவனை உயிராக நேசிக்கிறான். உயர்ந்த இசை மனிதனை உயர்த்தும் என்ற நம்பிக்கைக்கு அவன் விழுந்த அடி. வெண்டி கார்லோஸ் அந்தக் கோரஸை சின்தசைசரிலும் வோகோடரிலும் செய்தார்; மனிதக் குரல்போலவும் இருக்கும், எந்திரம்போலவும் இருக்கும். சிகிச்சை என்ற பேரில் அலெக்ஸின் மனத்தை அரசு முறுக்கிய பிறகு, ஒன்பதாம் சிம்பனி கேட்டாலே அவனுக்குக் குமட்டுகிறது. செவ்வியல் கோரஸைக் கையாண்ட படங்களில் இதற்கு இணையாகச் சிந்தித்த படம் வேறில்லை.

இனி, ஒலிபரப்பாமல் பாடியவர்களைப் பற்றி. 1914இல் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை ஜப்பான் பிடித்தபோது சிறைப்பட்ட ஜெர்மானிய வீரர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர், தோக்குஷிமா மாகாணத்தின் பாண்டோ முகாமில் வைக்கப்பட்டார்கள். முகாமின் தலைவர் மட்சுயே தோயோஹிசா கைதிகளைக் கண்ணியமாக நடத்தினார். அவர்கள் ஆர்கெஸ்ட்ரா அமைத்துக்கொண்டார்கள். 1918 ஜூன் 1 அன்று ஒன்பதாம் சிம்பனியை முழுமையாக நிகழ்த்தினார்கள். பெண்கள் இல்லாததால் பெண்குரல் பகுதிகளையும் ஆண்களே பாடும்படி மாற்றி எழுதிக்கொண்டார்கள். ஜப்பானில் அந்தச் சிம்பனி முழுதாக ஒலித்தது அதுதான் முதல் தடவை. இன்று ஜப்பானில் டிசம்பர் என்றால் ஒன்பதாம் சிம்பனி. ஒசாகாவில் 1983 முதல் ஆண்டுதோறும் பத்தாயிரம் பேர் கூடிப் பாடுகிறார்கள். ஆசிரியை, கடைக்காரர், ஓய்வுபெற்ற எழுத்தர் என்று யாராக இருந்தாலும், ஜெர்மன் சொற்களை ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். வெகுமக்கள் பண்பாடு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

வெர்டியின் 'ரெக்வியம்' என்ற இறந்தோர் திருப்பலி இசை 1874இல் மிலானில், எழுத்தாளர் மன்சோனியின் முதலாண்டு நினைவு நாளில் அரங்கேறியது. அதில் இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் 'டியெஸ் இரே' பகுதியைச் சினிமா பார்ப்பவர் எல்லோரும் அறிவார்கள்: பெருமுரசின் அடி, சரிந்து விழும் தந்திகள், அலறும் குரல்கள். 2000இல் 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியப் படம் அதோடுதான் தொடங்கியது; 'ஜாங்கோ அன்செயின்டு', 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' வரை அது வந்தது. ஆனால் அந்த அலறலை உயிரைப் பணயம் வைத்துப் பாடியவர்கள் உண்டு. நாஜிகளின் தெரெசின் யூத முகாமில் ரஃபாயெல் ஷெக்டர் என்ற இசை நடத்துநர், கையிலிருந்த ஒரே ஒரு இசைப்பிரதியை வைத்து, நிலவறையில் சக கைதிகளுக்கு 'ரெக்வியம்' முழுவதையும் வாய்ப்பாடமாகக் கற்பித்தார். பகல் முழுக்கக் கட்டாய வேலை, அரைவயிற்றுச் சோறு. இரவில் லத்தீன் கோரஸ். பாடகர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு இடம் காலியாக, மறுபடி ஆள் சேர்த்து மறுபடி கற்பித்தார். பதினாறு முறை நிகழ்த்தினார்கள். கடைசி நிகழ்ச்சி 1944 ஜூனில், செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது, நாஜி அதிகாரிகளும் அமர்ந்திருந்த அவையில். தீயவர் எவரும் தீர்ப்புக்குத் தப்பமாட்டார் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கைதிகள் பாடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஷெக்டரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவர் திரும்பவில்லை.

இசையமைப்பாளர் ஹாண்டலைச் சொல்லாமல் விட முடியாது. 1727இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அவர் எழுதிய 'ஸேடொக் தி ப்ரீஸ்ட்' அதன்பின் வந்த பிரிட்டிஷ் முடிசூட்டு விழாக்களில் ஒலித்துவருகிறது. 22 அடிகள் தந்திக் கருவிகள் மட்டும் மெல்ல மெல்லத் திரள, 23ஆம் அடியில் கோரஸ் வெடிக்கும். 1992இல் டோனி பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் அதைத் தழுவி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்துக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளில் கீதம் அமைத்தார். அரசனுக்குக் காத்திருந்த 22 அடி, பதினொருவருக்காகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் காத்திருப்பின் நடுக்கம் மைதானத்தில் இன்னும் உணரப்படுகிறது. அந்தத் தழுவல் நல்ல தழுவல்.

அவருடைய 'மெசையா'வின் அல்லேலூயா கோரஸ் தமிழருக்கு அயலானதே அல்ல. சென்னையிலும் திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் தேவாலயப் பாடகர் குழுக்கள் அதைத் தலைமுறைகளாகப் பாடிவருகின்றன. அது தொடங்கியதும் சபை எழுந்து நிற்கிறது. திரையிசையமைப்பாளரான எம்.பி. சீனிவாசன் திரைக்கு வெளியே சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியின் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்தார். 2005இல் இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவோடும் கோரஸோடும் ஒராட்டோரியோவாக அமைத்தார். அதை வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் நிறைய. ஊர்க் குழுக்கள் மேடையேற்றிப் பாடியது அரிது. சீனிவாசனின் பாடல்களுக்கு அந்தக் குறை நேரவில்லை. சாதாரண மாணவர்களும் அலுவலர்களும் பாடும்படி அவர் எழுதினார். அவை இன்றும் பாடப்படுகின்றன.

ஆகவே கேட்போருக்கு ஒரு வேண்டுகோள். 'கார்மினா புரானா'வை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். ஒரு மணி நேரம்தான். வசந்தத்தின் நடனங்கள் வரும், சாராயக்கடைப் பாட்டு வரும், தீயில் வறுபடும் அன்னம் தன் ஏரியை நினைத்து அழும் பாட்டு வரும், சிறுவர் கோரஸ் வரும். அதற்கெல்லாம் பிறகு 'ஓ ஃபார்ச்சுனா' திரும்பி வரும்போது அது விளம்பரத்தில் கேட்ட பாட்டாக இருக்காது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள், ஆண்டு விழாவுக்குப் பதிவு நாடாவை ஓடவிடுவதை நிறுத்திவிட்டு, நாற்பது பிள்ளைகளை நான்கு குரல்களில் நிற்கவைத்து ஒரு பாட்டையாவது கற்றுக்கொடுங்கள். மெட்டு எவருடையதாகவும் இருக்கட்டும். பாடுவது அவர்களாக இருக்க வேண்டும்.